தாத்தா கேட்ட குளம்

(இரட்டைமலை சீனிவாசன் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தாத்தா இரட்டைமலை சீனிவாசன் பெயரால் பேச அழைத்தபோது, எதைப் பேசுவது என்ற குழப்பம் எனக்கு இருக்கவில்லை. 1924ஆம் ஆண்டு சென்னை சட்டமன்றத்தில் அவர் கொண்டுவந்த தீர்மானம் நம் எல்லோருக்கும் தெரியும். பொதுவழியில் யாரும் நடக்கலாம். பொதுக்கிணற்றிலும் குளத்திலும் யாரும் தண்ணீர் எடுக்கலாம். பொது அலுவலகத்துக்குள் யாரும் நுழையலாம். அது அரசாணையாகவும் ஆனது. மூன்றே ஆண்டுகளில், 1927 மார்ச்சில், அண்ணல் அம்பேத்கர் மகத் நகரத்தின் சௌதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்தார். வழியும் தண்ணீரும் பொது என்று நிலைநாட்டவே நம் முன்னோர் தங்கள் வாழ்நாளைக் கொடுத்தார்கள்.

இன்று பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் போய்ப் பாருங்கள். வழி வந்துவிட்டது. ஆறு வழிச் சாலை, வெளிவட்டச் சாலை, மெட்ரோ ரயில் தூண்கள், எல்லாம் வந்துவிட்டன. யாரும் யாரையும் தடுக்காமல் நடக்கலாம். ஆனால் தாத்தா கேட்ட குளம் எங்கே? நாம் இறங்கக் கூடாது என்று ஒரு காலத்தில் விரட்டிய குளத்தில், இன்று யாருமே இறங்க முடியாதபடி சாக்கடை நிற்கிறது. அல்லது குளமே இல்லை, மனை நிற்கிறது. உரிமை கிடைத்த நேரத்தில் பொருள் காணாமல் போவது நமக்குப் புதிதல்ல. அது எப்படிக் காணாமல் போனது, காணாமல் போனதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

தண்ணீர் போன வழி

சென்னையின் மேற்குப் பகுதி மெல்லச் சரியும் நிலம். மழைநீர் மேற்கிலிருந்து கிழக்கே கடலை நோக்கிப் போகும். சரிவு குறைவு என்பதால் தண்ணீர் அவசரப்படாது, நின்று நின்று போகும். இதைப் புரிந்துகொண்டவர்கள் ஏரிகளைச் சங்கிலியாகக் கட்டினார்கள். ஒன்றின் கலங்கல் வழிந்தால் அடுத்ததன் வரத்துக் கால்வாய் நிறையும். அம்பத்தூர் ஏரி வழிந்தால் கொரட்டூர் ஏரி, அது வழிந்தால் இரட்டை ஏரி. கூவத்தின் வெள்ளத்தில் ஒரு பங்கு பங்காரு கால்வாய் வழியாகச் செம்பரம்பாக்கத்துக்குப் போகும். செம்பரம்பாக்கத்தின் உபரி அடையாற்றில் சேரும். பருத்திப்பட்டு, அயப்பாக்கம், அயனம்பாக்கம், போரூர் என்று ஊருக்கு ஓர் ஏரி.

இந்த ஏரிகளைக் காத்தது யார்? கல்வெட்டில் வெட்டிக் கொடுத்தவன் பெயர் இருக்கும். மதகைத் திறந்து மூடியவன் பெயர் இருக்காது. தமிழகத்தின் பல ஊர்களில் நீர்க்கட்டி வேலை நம் மக்களுடையது. எந்த வயலுக்கு எத்தனை நாழிகை தண்ணீர் என்று கணக்கு வைத்தவர்கள், நள்ளிரவு மழையில் கரை உடையாமல் மண்ணைப் போட்டு மிதித்தவர்கள், கால்வாயில் தூர் எடுத்தவர்கள் இவர்கள்தான். தண்ணீரைப் பங்கிட்டவனுக்குத் தண்ணீரில் பங்கில்லை. ஏரியின் ஆயக்கட்டில் அவனுக்கு நிலம் இல்லை. அவன் குடியிருப்போ ஊருக்கு அப்பால், பெரும்பாலும் பள்ளத்தில், வடிகால் ஓரத்தில். சேரி தாழ்ந்த இடத்தில் இருப்பது தற்செயல் அல்ல. மேடு ஊருக்கு, பள்ளம் சேரிக்கு என்று சாதி வரைந்த முதல் நகரமைப்புத் திட்டம் அது. இன்று பருவநிலை மாற்றத்தால் யார் அதிகம் பாதிக்கப்படுவார்கள் என்று அறிஞர்கள் வரைபடம் போடுகிறார்கள். நம் பகுதியில் அந்த வரைபடத்தைச் சாதி முன்பே வரைந்து வைத்துவிட்டது.

ஏரி செத்த விதம்

1960களின் தொடக்கத்தில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. இவற்றால் நம் பிள்ளைகளுக்கும் வேலை கிடைத்தது. அதை மறைத்துப் பேசுவது நேர்மையல்ல. பண்ணையில் கூலிக்கு நின்றவரின் மகன் தொழிற்சங்க உறுப்பினர் ஆனது சிறிய மாற்றம் அல்ல. ஆகவே நகரம் வந்ததே தவறு என்று சொல்ல மாட்டேன். கிராமம் நமக்குச் சொர்க்கமாக இருந்ததில்லை என்பதை அண்ணல் அரசியல் நிர்ணய சபையிலேயே சொல்லிவிட்டார். கேள்வி, நகரம் எப்படி வந்தது என்பதுதான்.

ஏரி ஒரே நாளில் சாவதில்லை. முதலில் ஆயக்கட்டு மனையாகிறது. வயல் போனதும் மதகைத் திறக்க ஆள் தேவையில்லை. மதகு துருப்பிடிக்கிறது. பாசனக் கால்வாய்க்குப் பயன் இல்லை என்பதால் அதன்மேல் தெரு வருகிறது. பிறகு வரத்துக் கால்வாய் அடைபடுகிறது. ஏரிக்கு வரும் தண்ணீர் குறைகிறது, சாக்கடை மட்டும் வருகிறது. அப்போது கோப்பில் எழுதுகிறார்கள்: 'பயன்பாட்டில் இல்லாத நீர்நிலை.' அதற்குப் பிறகு எதையும் கட்டலாம். நுங்கம்பாக்கம் ஏரி போய் வள்ளுவர் கோட்டம் வந்தது, மாம்பலம் ஏரி போய் தியாகராய நகர் வந்தது என்பது பழைய கதை. மேற்கே முகப்பேரில் ஒரு குடியிருப்புக்குப் பெயரே 'ஏரித் திட்டம்'. ஏரியைக் காக்கும் திட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். ஏரி இருந்த இடத்தில் வீடு கட்டிய திட்டம்.

இந்த மாற்றத்தில் கணக்கு எப்படி விழுந்தது என்று பாருங்கள். ஆயக்கட்டில் பட்டா வைத்திருந்தவர் மனை போட்டு விற்றார், அவர் கைக்குப் பணம் வந்தது. நாற்று நட்ட பெண்ணுக்கு வேலை போனது. ஏரியில் பிடித்த மீன், கரையில் அறுத்த கோரை, மேய்க்காலில் மேய்ந்த இரண்டு ஆடு, மூன்றும் போயின. எதற்கும் இழப்பீடு இல்லை, ஏனென்றால் எதற்கும் பட்டா இல்லை. பட்டா இல்லாத நிலத்துக்கு வருவாய்த்துறை வைத்த பெயர் புறம்போக்கு. வரிக்கு வெளியே, எல்லோருக்கும் பொதுவாக இருந்த நிலம் என்பதே அதன் பொருள். அந்தச் சொல் எப்படி ஒரு வசைச்சொல் ஆனது என்று யோசியுங்கள். பொதுநிலத்தை நம்பி வாழ்ந்தவர்களை இழிவாகப் பார்த்த கண்தான் பொதுநிலத்தையும் இழிவாகப் பார்த்தது.

நமக்கென்று இருந்த நிலமும் தப்பவில்லை. 1891இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர், நம் மக்களின் நிலை பற்றி அரசுக்கு அறிக்கை எழுதினார். புதிய நிலத்துக்கு யார் மனுப் போட்டாலும் மிராசுதாருக்கே முதல் உரிமை என்ற நடைமுறை நம் மக்களை எப்படி நிலமற்றவர்களாக வைத்திருக்கிறது, குடியிருக்கும் மனையே ஆண்டையுடையது என்பதால் அவர்கள் எப்படி வாய் திறக்க முடியாமல் இருக்கிறார்கள் என்று அதில் விளக்கினார். அதன் தொடர்ச்சியாக 1892இல் வந்தவையே பஞ்சமி நிலங்கள். பத்தாண்டு விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே கைமாறலாம் என்பது நிபந்தனை. பூந்தமல்லியும் அம்பத்தூரும் அன்று அந்தச் செங்கல்பட்டு மாவட்டத்து ஊர்களே. 1994இல் காரணையில் பஞ்சமி நிலத்தைக் கேட்டதற்காகத் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு இளைஞர்களைப் பறிகொடுத்தோம். நகரம் நெருங்க நெருங்க ஒரு சென்ட்டின் விலை ஏறும். விலை ஏற ஏற பஞ்சமி என்ற சொல் பதிவேட்டில் மங்கும். புறநகர் விரிவாக்கத்தைச் சுற்றுச்சூழல் பிரச்சினை என்று மட்டும் பேசுகிறவர்களிடம் நாம் சொல்ல வேண்டியது இதுதான்: இது நிலப் பிரச்சினை. நிலப் பிரச்சினை என்றால் நம் நாட்டில் அது சாதிப் பிரச்சினை.

வெள்ளம் வந்தபோது

2015 டிசம்பர் 1ஆம் நாள் இரவு செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டார்கள். அடையாற்றங்கரை மூழ்கியது. அது மனிதர்கள் உண்டாக்கிய பேரிடர் என்று இந்தியத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை பின்னர் சொன்னது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் தண்ணீர் புகுந்து இயந்திரங்கள் மூழ்கின. இரண்டுக்கும் நடுவே 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டன. நகரத்துக்குத் தண்ணீர் கொடுக்கப் புறநகர்க் கிராமங்களின் கிணறுகளை லாரிகள் உறிஞ்சின. வெள்ளமும் வறட்சியும் வெவ்வேறு நோய்கள் அல்ல. மழையை நிறுத்தி வைக்க இடம் இல்லாத ஊரில், மழைக்காலத்தில் வெள்ளம் வரும், கோடையில் குடம் வரிசையில் நிற்கும்.

இனி இது கூடும். காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல் ஈரத்தைத் தாங்கும் என்பது இயற்பியல். கடல் சூடாகிறது, மழை கொட்டும்போது மொத்தமாகக் கொட்டுகிறது. மண் தரை குடித்த தண்ணீரைச் சிமெண்ட் தரை குடிக்காது. அதோடு ஒன்றைக் கவனியுங்கள். தண்ணீர் மேற்கிலிருந்து கிழக்கே போகிறது. நாம் போட்ட சாலைகளோ வடக்கு தெற்காக ஓடுகின்றன. தாம்பரத்திலிருந்து புழல் வரை ஒரு புறவழிச்சாலை. வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டருக்கு வெளிவட்டச் சாலை. அதற்கும் அப்பால் எண்ணூரிலிருந்து மாமல்லபுரம் நோக்கி இன்னொரு எல்லைச் சாலை. உயர்த்திப் போட்ட ஒவ்வொரு சாலையும் தண்ணீருக்கு ஒரு கரை. பாலத்துக்குக் கீழே விட்ட கண் சிறியதாக இருந்தால், சாலைக்கு மேற்கே இருக்கிறவர் வீட்டில் தண்ணீர் நிற்கும். மேற்கே, பள்ளத்தில் இருப்பவர் யார் என்று மறுபடி சொல்ல வேண்டியதில்லை.

வெள்ளம் வடிந்த பிறகு நடந்ததைப் பாருங்கள். சேற்றையும் குப்பையையும் அள்ள மற்ற மாவட்டங்களிலிருந்து தூய்மைப் பணியாளர்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். அவர்கள் எந்தச் சாதியினர் என்று யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் எல்லோருக்கும் தெரியும். அடுத்து, வெள்ளத்துக்குக் காரணம் ஆற்றங்கரை ஆக்கிரமிப்பு என்று சொல்லி, கூவம், அடையாறு கரைகளில் இருந்த குடிசைகளை இடித்தார்கள். அந்தக் குடும்பங்களை எங்கே கொண்டுபோனார்கள்? தெற்கே பெரும்பாக்கத்தில், சதுப்பு நிலத்தின் ஓரத்தில். மேற்கே திருமழிசைக்கு அப்பால் கூடப்பாக்கத்தில். நகரத்தின் நடுவில் வீட்டு வேலைக்கும் மீன் விற்கவும் போன பெண்ணை, பேருந்துக்கே இரண்டு மணி நேரம் ஆகும் இடத்தில் ஏழாவது மாடியிலோ மூன்றாவது மாடியிலோ வைத்துவிட்டு, பாதுகாப்பான மறுகுடியமர்வு என்றார்கள். நகரத்தின் விளிம்பு தானாக விரிவதில்லை. வேண்டாதவர்களை அங்கே தள்ளித் தள்ளி விரிக்கிறார்கள்.

இங்கே நமக்குள்ளேயே ஒரு கடினமான கேள்வி இருக்கிறது. அதைத் தாண்டிப் போக விரும்பவில்லை. ஏரிக்குள் நம் மக்களும் குடிசை போட்டிருக்கிறார்கள். அவர்களைக் காப்பதா, ஏரியைக் காப்பதா? 2007இல் வந்த ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டத்தைச் சுற்றுச்சூழல் நண்பர்கள் வரவேற்கும்போது, நமக்கு வயிறு கலங்குகிறது. என் கருத்து இது. ஏரி காக்கப்பட வேண்டும். அது நிரம்பினால் முதலில் மூழ்குவது அந்தக் குடிசைதான். ஆனால் அளவுகோல் ஒன்றாக இருக்க வேண்டும். 2016இல் உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப் பதிவுக்குத் தடை போட்டது. உடனே 2017இல் அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தது. கட்டணம் கட்டினால் மனை முறையாகிவிடும். மனை வாங்கியவரின் விதிமீறலுக்கு வரன்முறை, மனை வாங்க முடியாதவரின் விதிமீறலுக்குப் பொக்லைன். இதை ஏற்க முடியாது. அகற்றத்தான் வேண்டும் என்றால், அதே ஏரியின் மீதுள்ள அரசுக் கட்டடமும் தனியார் வளாகமும் அதே அறிவிப்பில் இருக்க வேண்டும். குடிசைக்காரருக்கு அதே பகுதியில், மேட்டு நிலத்தில், பெண்களின் பெயரில் பட்டாவோடு மாற்றிடம் தந்த பிறகே கைவைக்க வேண்டும்.

கழிவு போகும் வழி

நகரம் விரியும் வேகத்துக்குப் பாதாளச் சாக்கடை வருவதில்லை. வீடு வரும், தரைக்குக் கீழே செப்டிக் டேங்க் வரும். அது நிரம்பினால் லாரி வரும். லாரி நிரம்பினால் ஏதாவது ஏரியோ கால்வாயோ இருக்கும். கொரட்டூர் ஏரிக்குள் கழிவுநீர் கலப்பதை எதிர்த்து அப்பகுதி மக்கள் பசுமைத் தீர்ப்பாயம் வரை போராட வேண்டியிருந்தது. லாரி வராத சந்தில், அல்லது லாரியால் உறிஞ்ச முடியாத கசடுக்கு, ஒரு மனிதனை இறக்குகிறார்கள். 2013இல் அதற்குத் தடைச்சட்டம் வந்துவிட்டது. 2014இல் உச்ச நீதிமன்றம் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்றது, 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தொகை உயர்ந்தது, சாவு நிற்கவில்லை. 1993க்குப் பிறகு கழிவுநீர்த் தொட்டிகளிலும் சாக்கடைகளிலும் பதிவான மரணங்களில் தமிழ்நாடே முன்னிலையில் இருப்பதாக நாடாளுமன்றத்தில் தரப்பட்ட விவரங்கள் சொல்கின்றன. சாக்கடை இல்லாமல் குடியிருப்புக்கு அனுமதி கொடுக்கிற ஒவ்வொரு கையெழுத்தும் யாரோ ஓர் அருந்ததியர் வீட்டுக்கோ பறையர் வீட்டுக்கோ எழுதும் மரண ஓலை. சுற்றுச்சூழல் அனுமதிப் படிவத்தில் இதற்கு ஒரு கட்டம்கூட இல்லை.

குத்தம்பாக்கம் சொல்வது

நம்பிக்கைக்கும் இடம் உண்டு. பூந்தமல்லி ஒன்றியத்தில் குத்தம்பாக்கம் என்ற ஊர் இருக்கிறது. 1996 உள்ளாட்சித் தேர்தலில் இளங்கோ என்ற தலித் பொறியாளர் ஊராட்சித் தலைவரானார். சாராயம் காய்ச்சுவதற்குப் பெயர் போயிருந்த ஊர் அது. கிராம சபையை உண்மையாகவே கூட்டினார். தலித் குடும்பமும் தலித் அல்லாத குடும்பமும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்ளும் இரட்டை வீடுகளை அங்கே கட்டினார்கள். பின்னர் சென்னைப் புறநகர்களின் குப்பையைக் கொட்ட அந்த ஊரின் மேய்க்கால் நிலத்தைத் தேர்ந்தெடுத்தபோது, ஊரே எதிர்த்து நின்றது, நீதிமன்றம் போனது. அவர்களுடைய வாதம் எளிமையானது: இந்த நிலத்தின் மழைநீர் செம்பரம்பாக்கத்துக்குப் போகிறது, உங்கள் குப்பையை இங்கே கொட்டினால் நீங்கள் குடிக்கும் தண்ணீரில்தான் அது கலக்கும்.

சாதிச் சுவரை உடைத்த ஊரே தண்ணீருக்காகவும் நின்றது என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். ஊரும் சேரியும் தனித்தனியாக இருந்திருந்தால், குப்பையைச் சேரிப் பக்கம் தள்ளிவிட்டு ஊர் ஒதுங்கியிருக்கும். ஊர் ஒன்றாக நின்றதால்தான் அதன் குரலுக்கு எடை வந்தது. அங்கே புதிய பேருந்து முனையம் கட்டத் தொடங்கினார்கள். விலை ஏறும், மனை பெருகும். அந்த ஊரின் அடுத்த சோதனை அதுதான்.

சென்னைப் பெருநகர எல்லை 1,189 சதுர கிலோமீட்டராக இருந்தது. 2022இல் அதை 5,904 சதுர கிலோமீட்டராக விரித்துவிட்டார்கள். இரண்டாம் முழுமைத் திட்டத்தின் காலம் 2026 வரை. மூன்றாவது, அதற்கு அடுத்த இருபது ஆண்டுகளுக்கானது. 2025 தொடக்கத்தில் ஊராட்சிகளை நகராட்சி, மாநகராட்சிகளோடு இணைக்கும் அறிவிப்புகள் வந்தபோது, பல ஊர்களில் பெண்கள் தெருவுக்கு வந்தது எதற்காக? நூறு நாள் வேலை போய்விடும் என்பதற்காக. அதோடு இன்னொன்றும் போகும்: கிராம சபை. தலித் ஒருவர் தலைவராக உட்கார்ந்து 'தீர்மானம் நிறைவேறியது' என்று கையெழுத்திடும் நாற்காலி போகும். பரந்தூர் விமான நிலையத்தை எதிர்த்து ஏகனாபுரம் மக்கள் 2022 முதல் கிராம சபையில் தீர்மானம் மேல் தீர்மானம் போட்டார்கள். அந்தச் சபையும் இல்லையென்றால் எங்கே போய்ப் போடுவது?

ஆகவே மாணவர்களே, உங்களுக்கு மூன்று வேலை. ஒன்று, உங்கள் ஊரின் 'அ' பதிவேட்டையும் கிராம வரைபடத்தையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். எந்தச் சர்வே எண் ஏரி, எது கால்வாய், எது மேய்க்கால், எது பஞ்சமி என்று பட்டியல் போடுங்கள். இன்று அதன்மேல் என்ன நிற்கிறது என்று நடந்து போய்ப் பாருங்கள். இரண்டு, ஊரின் வயதானவர்களிடம், குறிப்பாக நீர்க்கட்டிக் குடும்பங்களிடம், தண்ணீர் எந்த வழியில் வந்தது, எந்த வழியில் போனது என்று கேட்டு எழுதுங்கள். அந்த அறிவு எந்தப் பொறியியல் கல்லூரியிலும் இல்லை. அவர்கள் போய்விட்டால் அது போய்விடும். மூன்று, முழுமைத் திட்டத்தின் கருத்துக் கேட்புக் கூட்டங்களுக்கு இந்தப் பட்டியலோடு போங்கள். சேரிக்கு வடிகால், மேட்டு நிலத்தில் மனை, சாக்கடை வராமல் அனுமதி இல்லை, பஞ்சமி நிலம் மீட்பு என்ற நான்கையும் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள்.

2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக அறிவிப்பு வந்தது. நல்லது, வரவேற்கிறோம். பெயர்ப்பலகையை மாற்ற ஒரு நாள் போதும். அந்தப் பெயர்ப்பலகை இடுப்பளவு தண்ணீரில் நிற்காமல் இருக்க ஒரு தலைமுறை வேலை இருக்கிறது.

தாத்தா சட்டமன்றத்தில் எழுந்து நின்று குளத்தில் உரிமை கேட்டார். அது ஒரு குடம் தண்ணீருக்கான கேள்வி மட்டும் அல்ல. இந்த ஊரின் பொதுச் சொத்தில் எனக்குப் பங்கு உண்டா இல்லையா என்ற கேள்வி. இன்று அந்தப் பொதுச் சொத்தே விற்பனைக்கு வந்திருக்கிறது. பங்கு கேட்டவர்களின் பேரப்பிள்ளைகள்தான் அதைக் காவல் காக்க வேண்டியிருக்கிறது. வரலாறு நம்மிடம் நியாயமாக நடந்துகொண்டதில்லை. ஆனாலும் மதகு நம் கையில் இருந்த காலம் உண்டு. மறுபடியும் அதைப் பிடிப்போம்.